மூன்று கூரை, மூன்று நேரம்: காங்கேயம் பக்கத்து வீடு ஒன்றில் வெக்கை நுழைந்த வழி

போன சித்திரையில் ஒரு நாள் காலையில் என் பெரியம்மா போன் செய்தார். "கண்ணு, தார்சு ரூம்புல ராத்திரி கண்ண மூட முடியறதில்ல. ஏசி பாட்டுக்கு ஓடுது, வேக்காடு எறங்க மாட்டேங்குது. எங்கிருந்துதான் வருதுன்னு ஒருக்கா வந்து பாரு சாமி." தார்சு என்றால் எங்கள் பக்கத்தில் கான்கிரீட் மொட்டைத்தளம்.

எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்காமலே அந்த வீட்டில் ஏற்கெனவே நிறையச் செலவு செய்திருந்தார்கள். சாயங்கால வெயில் படுகிறதே என்று மேற்குச் சுவருக்குப் பச்சை வலை கட்டினார் அண்ணன். காற்றோட்டம் போதவில்லை என்று ஜன்னலைப் பெரிதாக்கினார். அந்த யோசனை என்னுடையது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம் எக்ஸாஸ்ட் ஃபேன், கடைசியாக ஒரு டன் ஏசி. எதிலும் இரவு பத்து மணி வேக்காடு போகவில்லை.

வீடு காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற பக்கம், கிளுவை வேலி போட்ட கொறங்காடுகளுக்கு, அதாவது மேய்ச்சல் நிலங்களுக்கு, நடுவே இருக்கிறது. ஒரே வீட்டுக்கு மூன்று கூரை. நடுவில் பெரியப்பாவின் அப்பா காலத்து ஓட்டு வீடு, ஆசாரம் என்கிற கூடத்தோடு. அதற்கு மேற்கே, அண்ணன் கல்யாணத்தின்போது சேர்த்துக் கட்டிய தார்சு அறை. பத்துக்குப் பன்னிரண்டு அடி, ஐந்து அங்குலக் கான்கிரீட். முன்வாசலில் சிமென்ட் அட்டை போட்ட சாய்ப்பு. கையில் காசு வந்தபோது, அந்தக் காலத்தில் எது கிடைத்ததோ அதை வைத்து வளர்ந்த வீடு. கொங்கு நாட்டு ஊர்களில் இப்படிப்பட்ட வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. வீடு கட்டுவதுதான் என் தொழில். வரைபடம் போட்டுக் கொடுத்து, வேலையை நின்று பார்க்கிறவன் நான். ஆனால் ஒரே வெயில், ஒரே காற்று, ஒரே குடும்பம், மூன்று கூரை என்று ஒரே இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அதுவரை அமையவில்லை. கத்திரி தொடங்கிய வாரத்தில் இரண்டு நாள் அங்கேயே தங்கினேன்.

கொண்டுபோனது மூன்று சுவர் வெப்பமானிகள், துப்பாக்கி மாதிரி இருக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று. இந்தத் துப்பாக்கியை வாங்கி வைத்திருப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். பளபளக்கும் தகரம், அலுமினியம் ஆகியவற்றின் மேல் அது காட்டும் எண் தப்பு. அங்கே ஒரு துண்டுக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, சூடு ஏறியதும் டேப்பின் மேல் பார்க்க வேண்டும். கான்கிரீட், ஓடு, சிமென்ட் அட்டையில் அந்தத் தொல்லை இல்லை.

அளந்து பார்த்தபோது

காலை 9 மணிக்கு வெளியே நிழலில் 31 டிகிரி. தார்சின் அடிப்பரப்பு 34, ஓட்டின் அடி 33. அட்டை மட்டும் அதற்குள் 38-க்கு ஏறியிருந்தது.

மதியம் 1 மணிக்கு வெளி நிழல் 38. மொட்டைமாடியில் கால் வைக்க முடியவில்லை, தளத்தின் மேற்பரப்பு 58. ஆனால் அதே தளத்தை உள்ளே போய் அண்ணாந்து பார்த்து அளந்தால் 36தான்! அட்டையின் அடிப்பரப்பு 57. ஓட்டின் அடி 46.

அண்ணன் அந்த எண்களைப் பார்த்துவிட்டு, "அப்ப தார்சுதானே நல்லாருக்குது?" என்றார். "இருங்கண்ணா, பொழுது எறங்கட்டும்" என்றேன்.

4 மணிக்குத் தார்சின் அடி 41 ஆனது. 7 மணிக்கு, சூரியன் போன பிறகு, 44. அந்த நேரத்தில் அட்டை 31-க்கு இறங்கிவிட்டது, ஓடு 33. இரவு 11 மணிக்கு வெளிக்காற்று 29. அட்டை 27, அதாவது காற்றைவிடக் குளிர்ச்சி. ஓடு 29. தார்சு இன்னும் 40-ல் நின்றது. அந்த அறைக்குள் காற்று 35.

பெரியம்மா கேட்டதற்குப் பதில் இந்த எண்களிலேயே இருந்தது. அவர் படுக்கப் போகும் நேரத்துக்குத்தான் மதிய வெயில் அந்த அறைக்குள் வந்து சேர்கிறது.

ஏன் சுவரை விட்டுக் கூரையைப் பிடிக்க வேண்டும்

காங்கேயம் ஏறக்குறைய 11 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 18, 19 வாக்கில் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும்; கம்பை நட்டால் நிழல் விழாது. பிறகு உச்சியைத் தாண்டிக் கொஞ்சம் வடக்கே போய், ஆகஸ்ட் 24 வாக்கில் திரும்பவும் உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் நடுப்பகல் வெயில் தெற்குச் சுவரில் விழவே விழாது. கிழக்குச் சுவருக்குக் காலையில் சில மணி நேரம், மேற்குச் சுவருக்கு மாலையில் சில மணி நேரம், அதுவும் சாய்ந்த வெயில். காலையிலிருந்து மாலைவரை விடாமல் வாங்குவது கூரை மட்டும்தான். குளிர்நாட்டுப் புத்தகங்களில் தெற்கு ஜன்னல், தெற்குச் சுவர் என்று பேசுவார்கள். அங்கே சூரியன் சாய்வாகவே போகும், அவர்களுக்கு அது சரி. நம் ஊரில் வீட்டின் ஐந்தாவது சுவர் கூரை. வெயில் அடிப்பதும் அதில்தான்.

தெளிந்த நாளின் நண்பகலில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் வெயில் விழுகிறது. அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அறையின் மேல் 11 சதுர மீட்டர் தளம், ஆக 11 கிலோவாட். அதாவது ஒரு கிலோவாட் ஹீட்டர் பதினொன்றை மேலே வரிசையாக வைத்தது போல. அழுக்கேறிய சாம்பல் நிறக் கான்கிரீட் அதில் எழுபது சதவீதத்துக்குமேல் உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சியதில் பெரும்பகுதி காற்றிலும் வானத்திலும் திரும்பிப் போகும். மிச்சம் கீழே இறங்கும்.

காங்கேயத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது, ஏனென்றால் சுற்றிலும் கொப்பரைக் களங்கள். தேங்காயை உடைத்து எந்தத் தரையில் காயப்போடுகிறார்கள்? வெயிலை வாங்கிச் சூட்டைப் பிடித்துவைக்கிற சிமென்ட் களத்தில். பொழுது சாய்ந்த பிறகும் அந்தக் களத்தில் வெறுங்காலோடு நடந்தால் சூடு தெரியும். அதே களத்தைப் பத்தடி உயரத்தில் போட்டு, அதற்கு அடியில் கட்டிலைப் போட்டுப் படுத்தால் அதுதான் தார்சு அறை. பெரியம்மாவிடம் இப்படிச் சொன்னதும், "அட ஆமா கண்ணு" என்று ஒரு நிமிஷம் மேலே பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

அந்த ஐந்து அங்குலத் தளத்தின் எடை மூன்று டன்னுக்கு மேல். அதைப் பத்து டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 8 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். வெயில் அதை இலவசமாக ஏற்றிவிடுகிறது. கான்கிரீட்டுக்குள் வெப்பம் மெதுவாகத்தான் நகரும். ஐந்தாறு அங்குலம் கடக்க நான்கு மணி நேரத்தை ஒட்டி எடுத்துக்கொள்ளும். மேற்பரப்பு உச்சச் சூட்டைத் தொடுவது ஒன்று ஒன்றரை மணிக்கு, அடிப்பரப்பு உச்சம் தொடுவது பொழுதோடு, அதாவது பொழுது சாயும் வேளையில். அதனால்தான் எல்லோரும் மேற்குச் சுவரைக் குற்றம் சொல்கிறார்கள். சாயங்காலம் சூடு தெரிகிறது, சாயங்காலம் வெயில் மேற்கே இருக்கிறது, ஆகவே மேற்குச் சுவர்தான் காரணம் என்று தோன்றுவது இயல்பு. உண்மையில் அது மதியம் மேலே விழுந்த வெயில்.

வெப்பம் உடம்புக்கு வந்து சேரும் விதத்தையும் சொல்ல வேண்டும். சூடான கூரையிலிருந்து வெப்பம் நமக்கு வருவது பெரும்பாலும் கதிர்வீச்சாக. அடுப்புத் தணலுக்கு எதிரே உட்கார்ந்தால் முகத்தில் அடிக்கிறதே, அந்த மாதிரி. காற்றைச் சூடாக்கித்தான் வர வேண்டும் என்பதில்லை. சூடான பரப்பு ஒவ்வொன்றும் எவ்வளவு வீசும் என்பதை 1879-ல் ஜோசப் ஸ்டெஃபான் கண்ட விதியை வைத்து யாரும் கணக்குப் போட்டுவிடலாம். 44 டிகிரி தளத்துக்கு அடியில் மல்லாந்து படுத்திருப்பவரின் 35 டிகிரி தோல், மேல்நோக்கிய ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 55 வாட்டைக் கூடுதலாக வாங்கிக்கொள்கிறது. சும்மா படுத்திருக்கும் உடம்பு தனக்குள் உண்டாகும் வெப்பத்தைச் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட அவ்வளவு வெளியே தள்ளியாக வேண்டும். தள்ள வேண்டிய இடத்தில் வாங்கிக்கொண்டிருந்தால் தூக்கம் எப்படி வரும்? ஃபேன் இதைத் தடுக்காது, வேர்வையை உலர்த்த மட்டும் உதவும். தளத்தை ஒட்டி நிற்கும் சூட்டுக் காற்றைக் கீழே இறைப்பதும் அதே ஃபேன்தான். ஜன்னலைப் பெரிதாக்கச் சொன்ன என் யோசனை ஏன் பலிக்கவில்லை என்பதும் இங்கே புரிந்தது. ஜன்னல் காற்றை மாற்றும், தலைக்கு மேல் இருக்கும் மூன்று டன் சூட்டை மாற்றாது.

இந்தக் கணக்கை அட்டைக்குப் போட்டால், மதியம் 57 டிகிரியில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 145 வாட். அந்தச் சாய்ப்பில்தான் அண்ணி தினமும் பத்திலிருந்து நான்குவரை உட்கார்ந்து, திருப்பூரிலிருந்து வரும் பனியன் பீஸ்களுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். தலைவலி என்று மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். அதை யாரும் கூரையோடு சேர்த்து யோசித்திருக்கவில்லை. பெரியம்மா கூப்பிட்டது ராத்திரித் தூக்கத்துக்காக. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது அண்ணியின் பகல்.

காசில்லாமல் செய்த முதல் வேலை

மூன்று கூரைக்கும் மூன்று நேரம். அட்டை மெல்லியது, தாமதமே கிடையாது. வெயில் வந்தால் உடனே சூடு, போனால் உடனே குளிர்ச்சி. தெளிந்த இரவில் வானத்துக்கு வெப்பத்தை வீசி, காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். மார்கழி விடியலில் அட்டையின் அடியில் நீர் கோத்துச் சொட்டுவது அதனால்தான். தார்சு இதற்கு நேரெதிர். காலை முழுக்கத் தணிந்திருக்கும், மதியம் இரண்டு மணிவரைகூட நன்றாக இருக்கும், ராத்திரிதான் வேகும்.

அந்த வீட்டில் இரண்டையும் தலைகீழாகப் புழங்கிக்கொண்டிருந்தார்கள். பகல் வேலை அட்டைக்கு அடியில், ராத்திரித் தூக்கம் தார்சுக்கு அடியில். இடத்தை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். பீஸ் மூட்டை தார்சு அறைக்கு வரட்டும், கட்டில் சாய்ப்புக்குப் போகட்டும்.

சொல்வது எளிது. சாய்ப்புக்கு மூன்று பக்கமும் இடுப்பளவுச் சுவர்தான். "வெளிய படுத்தா திருட்டுப் பயம்" என்றார் அண்ணன். கொசு வேறு. மூட்டைகளை உள்ளே வைத்தால் பஞ்சுத்தூசி ஏசிக்குள் போகும் என்றார் அண்ணி, அதுவும் நியாயம். கடைசியில் சுவருக்கு மேல் கிரில் வைத்து, உட்பக்கம் கொசுவலை அடித்து, ஒரு பூட்டும் போட்டார்கள். காசில்லாமல் என்று மேலே எழுதினேன்; கிரில்லுக்கும் வலைக்கும் செலவானது, ஏசியின் விலையோடு பார்த்தால் சிறியது. பிசிறு வெட்டும் வேலை மதியம் இரண்டரைவரை தார்சு அறையில், அதற்கு மேல் ஆசாரத்தில் என்று ஆனது.

இது ஒன்றும் புதிதில்லை. எங்கள் அப்பாரு (தாத்தா) காலத்தில் பகலில் ஆசாரம், ராத்திரி வாசலில் கயிற்றுக் கட்டில். நாளின் வேளைக்குத் தகுந்தபடி ஆட்கள் வீட்டுக்குள்ளேயே இடம் மாறினார்கள். படுக்கையறை என்று ஓர் அறைக்குப் பெயர் வைத்து, அதில் கட்டிலை நிலையாகப் போட்ட பிறகுதான் அந்த நகர்தல் நின்றது. வரைபடம் போடும்போது படுக்கையறைக்குத் தென்மேற்கு மூலை என்று முதலில் கேட்கிறார்கள். அந்த அறை எந்த நேரத்தில் சூடாகும் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

சுண்ணாம்பு

தார்சு அறையை அப்படியே விட முடியாது, மழைக்காலத்தில் சாய்ப்பில் படுக்க முடியாதே. மேலே ஏறிப் பார்த்தேன். தளத்தின் மேல் செங்கல் ஜல்லித் தளமும் இல்லை, தட்டோடும் இல்லை. சாம்பல் நிற நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு மட்டும் போட்டிருந்தார்கள். கட்டிக்கொடுத்தவர், "இதுவே போதும், ஜல்லித் தளம் வீண் பாரம்" என்று சொல்லிவிட்டாராம். அந்தக் காலத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து ஊறவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, கட்டையால் நாள் கணக்கில் தட்டி, அதன் மேல் தட்டோடு பதிப்பார்கள். அது மழைக்கு மட்டும் என்று நினைத்துப் பலர் விட்டுவிட்டார்கள். வெயிலுக்கும் அதுதான் குடை.

கூலிங் பெயின்ட் விற்க ஒருவர் ஏற்கெனவே வந்து போயிருந்தார். 15 டிகிரி குறையும் என்றாராம். இப்படி யார் சொன்னாலும் ஒன்றைக் கேளுங்கள்: எது 15 டிகிரி குறையும்? தளத்தின் மேற்பரப்பா, அடிப்பரப்பா, அறையின் காற்றா? மேற்பரப்பில் குறைவது உண்மையாகவே இருக்கலாம். அறைக் காற்றில் அவ்வளவு குறையும் என்று எண்ணி வாங்கினால் ஏமாற்றம்தான்.

நாங்கள் முதலில் சுண்ணாம்பு அடித்தோம். மாடியைக் கழுவி, வெடிப்புகளை அடைத்து, நீற்றுச் சுண்ணாம்பில் வெள்ளை சிமென்டும் பசையும் கலந்து, பொழுது சாய்ந்த பிறகு இரண்டு கை. வெயிலில் அடித்தால் உதிர்ந்துவிடும். புதுச் சுண்ணாம்பு வெயிலில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். அதோடு, உள்ளே ஏறிய மிச்ச வெப்பத்தை வானத்துக்கு வீசுவதிலும் கெட்டி. பளபளக்கும் தகரத்துக்கு இந்த இரண்டாவது குணம் குறைவு. அதனால்தான் புதுத் தகரம் கண்ணைக் கூசினாலும் தொட்டால் சுடுகிறது.

பத்து நாள் கழித்து, அதே மாதிரி வெயில் காய்ந்த ஒரு நாளில் அளந்தேன். மேற்பரப்பு 58 இருந்தது 46. அடிப்பரப்பு இரவு 7 மணிக்கு 44 இருந்தது 39, 11 மணிக்கு 36. அறைக் காற்று 33.

"அஞ்சு டிகிரிக்கா இத்தனை பாடு?" என்றார் அண்ணன். அந்த ஐந்தை உடம்பின் பக்கம் நின்று பார்க்க வேண்டும். 44 டிகிரியில் படுத்திருப்பவர் மேல் இறங்கியது சதுர மீட்டருக்கு 55 வாட். 39 டிகிரியில் அது 24. பாதிக்கும் கீழே. சுவர் வெப்பமானி காற்றைத்தான் காட்டும், அதில் இரண்டு டிகிரிதான் இறங்கியிருந்தது. பெரியம்மா சொன்னது வேறு: "மேல இருந்து அடிக்கறது நின்னு போச்சு கண்ணு." அவர் சொன்னதுதான் கணக்கோடு பொருந்துகிறது.

ஏசியும் இப்போது கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நிற்கிறது. முன்பு அது அறைக் காற்றோடு மட்டும் போராடவில்லை, மேலே இருந்த கல்லடுப்போடு போராடிக்கொண்டிருந்தது.

ஆனால் ஆனி, ஆடி வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்று கூரையின் சூட்டை அள்ளிக்கொண்டு போவதால், ஆகஸ்டில் சூரியன் மறுபடி உச்சிக்கு வருவதே நமக்குத் தெரிவதில்லை. கூடவே அது செம்மண் புழுதியையும் கொண்டுவந்து கொட்டியது. ஆவணியில் போய்ப் பார்த்தபோது வெள்ளை பழுத்துப்போயிருந்தது. கழுவினால் கொஞ்சம் திரும்பியது, முழுக்கத் திரும்பவில்லை. ஆக இது வருஷா வருஷம் செய்ய வேண்டிய வேலை. பங்குனியில், சூரியன் உச்சிக்கு வருமுன் அடித்துவிட வேண்டும். மழைநீரைத் தொட்டிக்குப் பிடிப்பவர்கள் முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிடுவது நல்லது.

தண்ணீர் தெளிப்பதைப் பற்றியும் கேட்டார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக 2.4 மெகாஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு குடம், 15 லிட்டர் என்று வைத்தால், முழுக்கத் தளத்திலிருந்தே எடுத்தால் அந்த மூன்று டன்னையும் 12 டிகிரி இறக்கிவிடும். பாதியைக் காற்று கொடுத்துவிடும் என்று கழித்தாலும் 6 டிகிரி. நான்கு மணிக்கு மேல், தேங்காமல், சாக்கை விரித்து நனைத்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும். காங்கேயத்துக் காய்ந்த காற்றுக்கு இது ரொம்பப் பொருத்தம். காங்கேயத்துத் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்குப் பொருத்தமில்லை. குடிதண்ணீர் எப்போது வரும் என்று காத்திருக்கும் வீட்டில் மாடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துணி அலசிய தண்ணீரை ஊற்றுகிறார்கள்.

ஓடும் அட்டையும்

ஓட்டின் அடி மதியம் 46 இருந்தும், ஆசாரத்தில் யாரும் குறை சொல்லவில்லை. உயரமான கூரை, ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே உள்ள சந்துகள் வழியாகச் சூட்டுக் காற்று தானாக மேலேறி வெளியேறிவிடுகிறது. முகட்டுக்குக் கீழே ஒரு பாதியில் அட்டாலிப் பலகை (பரண்) இருப்பதால் கதிர்வீச்சு நேராக இறங்குவதில்லை. பழைய வீடுகள் சிலவற்றில் மேல் ஓட்டுக்கு அடியில் இன்னொரு வரிசை சீலிங் ஓடு பதித்திருப்பார்கள், நடுவே காற்றிடைவெளியோடு. அது இன்னும் மேல். இத்தனைக்கும் அண்ணனுக்கு அந்த ஓட்டைப் பிரித்துத் தகரம் போடும் எண்ணம் இருந்தது. காரணம் வெயில் இல்லை, மயில். இப்போது ஊரெல்லாம் மயில், கூரையில் ஏறி நடந்து ஓட்டை நழுவ விடுகின்றன. ஓடு மாற்ற ஆளும் கிடைப்பதில்லை. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஒழுகும் வீட்டில் இருப்பவர்களிடம் ஓட்டின் அருமையைப் பேசிப் பயனில்லை. முகட்டு வரிசையையும் ஓரங்களையும் கட்டுக்கம்பியால் பிணைத்துக் கொடுத்தோம். தகரம் இப்போதைக்கு இல்லை.

அட்டைக்கு வருவோம். பழைய சிமென்ட் அட்டைகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும். அதைத் துளை போடுவது, அறுப்பது, கம்பி பிரஷ் வைத்துத் தேய்ப்பது கூடவே கூடாது. அந்த நார்த்தூசி நுரையீரலைக் கெடுக்கும். தண்ணீர் விட்டு நனைத்து, மென்மையான துடைப்பத்தால் தள்ளி, மேலே சுண்ணாம்பு அடித்தோம். அதன் மேல் தென்னங்கீற்று போடலாம் என்றார் பெரியம்மா. தோப்பிலேயே கீற்று இருக்கிறது, நிழலுக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் ஆடிக்காற்றில் நிற்காது, எலி அடையும், காய்ந்தால் நெருப்புப் பயம். அதனால் அடியில், கைமரத்தில் சட்டம் அடித்து, நான்கு அங்குலம் இடைவெளி விட்டு, இருபக்கமும் அலுமினியம் ஒட்டிய ஃபாயில் ஷீட்டைக் கட்டினோம். அலுமினியம் தனக்கு வந்த வெப்பத்தைக் கீழ்ப்பக்கம் கதிராக வீசுவது மிகக் குறைவு. மேல்பக்கம் தூசி படிந்தாலும் கீழ்ப்பக்கம் வேலை செய்யும். மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் இடைவெளியைத் திறந்தே விட வேண்டும். அடைத்துவிட்டால் சூட்டுக் காற்று உள்ளே சிறைப்பட்டுவிடும்.

புதிதாகத் தளம் போடுபவர்களுக்கு

2018-ல் மத்திய அரசு வெளியிட்ட குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பான ஈகோ நிவாஸ் சம்ஹிதா, கூரை வழியாக ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கக் கூடாது என்கிறது. பெரியம்மா வீட்டு வெறும் தளத்துக்கு நான் கணக்குப் போட்டால் வருவது சுமார் 3.5. நான்கு அங்குலச் செங்கல் ஜல்லித் தளம் போட்டால் 2.3-ஐ ஒட்டி வரும். அதோடு பாரம் தாங்கும் தெர்மோகோல் வகைப் பலகை வெறும் 2 சென்டிமீட்டர் சேர்த்தால் 1.2-க்குள் வந்துவிடும். எத்தனை பேர் வரவேற்பறையில் ஃபால்ஸ் சீலிங்குக்கு இதைவிட அதிகம் செலவழிக்கிறார்கள்! ஃபால்ஸ் சீலிங்கால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன், கதிர்வீச்சைக் கொஞ்சம் மறைக்கும். ஆனால் தளம் அதே சூட்டில் கிடந்து, பகலில் விரிந்து ராத்திரி சுருங்கி, வெடித்துக்கொண்டேதான் இருக்கும்.

கனமான தளத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஜல்லித் தளம் சூட்டைக் குறைப்பதோடு அதைத் தாமதப்படுத்தவும் செய்யும். பொழுதோடு வந்த உச்சம் இரவு பத்து மணிக்கு மேல் தள்ளிப்போகும். பகலில் நடந்து மாலையில் பூட்டும் பள்ளிக்கூடத்துக்கு அது அருமையான கூரை. படுக்கையறைக்கு அது மட்டும் போதாது, மேலே வெள்ளைத் தட்டோடோ சுண்ணாம்போ வேண்டும். வெயிலை வெளியேயே திருப்பி அனுப்பிவிட்டால் நேரக் கணக்கே தேவையில்லை. தெலங்கானாவில் 2023-ல் குளிர்கூரைக்கென்றே அரசுக் கொள்கை கொண்டுவந்தார்கள். ஈரோட்டிலும் கரூர்ப் பரமத்தியிலும் 2024 கோடையில் 42 டிகிரியைத் தாண்டிய நாட்களைப் பார்த்த நமக்கும் அப்படி ஒன்று வேண்டும். அட்டை போட்ட தறிக்கூடத்தில் பகல் முழுக்க நிற்பவர்களை நினைத்தாவது வேண்டும்.

பெரியம்மா வீட்டு மாடிக்கு ஜல்லித் தளமும் வெள்ளைத் தட்டோடும் அடுத்த தேங்காய் வெட்டுக்குப் பிறகு என்று பேசியிருக்கிறார்கள். நான் விட்டுவந்த வெப்பமானியைத் தார்சு அறைக் கதவருகே மாட்டி, ராத்திரி ஏழு மணிக்கு என்ன காட்டுகிறது என்று காலண்டர் தாளில் குறித்துக்கொண்டிருக்கிறார் பெரியம்மா. போன வாரம் பேசும்போது ஒன்று சொன்னார். அண்ணி மாத்திரை வாங்கி இரண்டு மாசம் ஆகிறதாம்.